சாரல் ஊரில் கோய் மீன்: எங்கே தப்புகிறது?

கோய் என்னும் வண்ணக் கெண்டை மீனை வளர்க்கச் சொல்லும் குறிப்புகளில் பாதி குளிர்நாட்டுக்காரருக்கு எழுதினவை. குளம் உறைந்தால் என்ன செய்வது, பனிக்காலத் தீவனம் எது என்று போகும். செங்கோட்டை, புளியரை பக்கம் குளம் கட்டுகிறவருக்கு அது எதற்கு? இங்கே மீனுக்குச் சோதனை சித்திரை வெயிலிலும் ஆடிச் சாரலிலும்தான்.

இரண்டடி ஆழத்தில் அழகுக்குக் கட்டும் தொட்டி முதல் தவறு. மதியத்துக்குள் அடிவரை சுட்டுவிடும்; கொக்குக்கும் வசதி. நாலரை அடியாவது வேண்டும். 10 அடி நீளம், 6 அடி அகலம், நாலரை அடி ஆழம் என்றால் சுமார் 7,600 லிட்டர் பிடிக்கும். மீனுக்கு ஆயிரம் லிட்டர் கணக்கில் ஏழு மீன். கடையில் விரல் நீளத்தில் இருப்பது இரண்டடி வரை வளரும் என்பதை மறந்துதான் இருபது, முப்பது என்று வாங்குகிறார்கள்.

சிமெண்டுப் பூச்சு காய்ந்ததும் மீனை விடக் கூடாது. சுண்ணாம்பு கசிந்து, தண்ணீரின் அமில-கார அளவான பிஎச் 10-ஐத் தாண்டும். நிரப்பி, நாலைந்து நாள் நிறுத்தி, இறைத்துவிடுங்கள். மூன்று நான்கு முறையாவது. வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊறவைக்கும் வழக்கம் உண்டு, செய்யலாம். ஆனால் கடைசி வார்த்தை பிஎச் கிட் சொல்வதுதான், 8.5-க்குக் கீழே நிலைக்க வேண்டும்.

அதற்கு மேல் ஏன் ஆகாது? மீனின் கழிவு அம்மோனியா. தண்ணீர் 30 டிகிரி சூட்டில் இருக்கும்போது, பிஎச் 7-இல் அதில் நூற்றில் ஒரு பங்குகூட விஷ வடிவில் இராது. 8.5 ஆனால் ஐந்தில் ஒரு பங்கு. அதே மீன், அதே தீவனம். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறதே என்று நம்ப முடியாது, அம்மோனியாவுக்கு நிறமில்லை. ஃபில்டரில் அதைத் தின்னும் பாக்டீரியா பிடிக்க நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை இரண்டு மூன்று மீன் போதும். குளோரின் கலந்த பஞ்சாயத்துத் தண்ணீரில் ஸ்பாஞ்சைக் கசக்கினால் அத்தனை வார வேலையும் போச்சு. குளத்துத் தண்ணீரையே ஒரு வாளியில் எடுத்து அலசுங்கள்.

போர்வெல் தண்ணீரில் குளோரின் இல்லை, சரி. ஆக்சிஜனும் இராது. ஒரு நாள் காற்றுக்குழாய் போட்டு வைத்த பிறகே விடலாம்.

மீன் வாங்கும்போது மேலிருந்து பாருங்கள். துடுப்பை ஒட்டவைத்து மூலையில் நிற்பது, தரையில் உடம்பைத் தேய்ப்பது, செவுள் ஒரு பக்கம் மட்டும் அசைவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அந்தத் தொட்டியில் எந்த மீனும் வேண்டாம். நாலு அங்குலக் குஞ்சின் கோலத்துக்குக் காசு கொட்டுவதும் வீண். கறுப்பும் சிவப்பும் வளர வளர இடம் மாறும்.

சென்னையின் வண்ணமீன் சந்தையான கொளத்தூரிலிருந்து இரவெல்லாம் வந்த பையில் கரியமில வாயுவும் அம்மோனியாவும் சேர்ந்திருக்கும். கட்டை அவிழ்த்ததும் வாயு வெளியேறி பிஎச் ஏறும், அம்மோனியா விஷமாகும். ஆகவே கட்டோடு இருபது நிமிடம் நிழலில் மிதக்கவிட்டு, அவிழ்த்த கையோடு வலையில் அள்ளித் தனித்தொட்டியில் விடுங்கள். பைத் தண்ணீர் உள்ளே போகக் கூடாது. மூன்று வாரத் தனிமை. ஆயிரம் லிட்டருக்கு 3 கிலோ அயோடின் சேராத கல்லுப்பு, வாளியில் கரைத்து ஊற்ற வேண்டும். உப்பு ஆவியாகாது, குறைந்த தண்ணீரை ஈடுகட்டும்போது மறுபடி போடாதீர்கள். மீன் பேனுக்கு இந்த உப்பு பத்தாது. அதற்கு மருந்து தனி.

கோடையில் விடியற்காலை மீன் மேலே வந்து வாய் பிளந்தால் பசி என்று தீவனம் போடுவார்கள். பாசி இரவெல்லாம் ஆக்சிஜனைக் குடித்துவிட்ட மூச்சுத்திணறல் அது. காற்று பம்பை இரவில் நிறுத்துவதுதான் காரணம். தீவனத்தை நன்றாக விடிந்த பிறகு, ஐந்து நிமிடத்தில் தீரும் அளவு போடுங்கள். சாரலில் நமுத்துப் பூஞ்சை பிடித்த தீவனம் குப்பைக்கு.

வாரக்கணக்கில் மழைத் தண்ணீர் விழுந்தால் காரத்தன்மை குறைந்து பிஎச் திடீரென்று சரியும். ஃபில்டரில் ஒரு வலைப்பை கிளிஞ்சல் போட்டால் தாங்கும். தென்னந்தோப்பு உரத்தண்ணீர் உள்ளே வராமல் கரையைத் தரையைவிட முக்கால் அடி உயர்த்துங்கள். வழிந்தோடும் குழாய் வாயில் வலை கட்டாவிட்டால் மீன் ஓடைக்குப் போகும். 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரள ஆற்றில் அரபைமா என்னும் அமேசான் ராட்சத மீன் சிக்கியது இப்படி வளர்ப்பிடம் விட்டுத் தப்பித்துத்தான். கோய் கெண்டை ஜாதி; எந்தச் சேற்றிலும் பிழைத்துக்கொள்ளும்.