கண்ணாடி ஜாடியைப் படம் எடுக்க ஒரு ஜன்னலும் வெள்ளை வேட்டியும்

கண்ணாடி ஜாடிக்கு முன்னால் லைட் வைத்தால் படத்தில் விழுவது அந்த லைட்தான். கூடவே ஃபேன், பீரோ, படம் எடுப்பவரின் சட்டை. வெளிச்சம் ஜாடிக்குப் பின்னாலிருந்து வரவேண்டும்.

நேர் வெயில் படாத ஜன்னலில் வெள்ளை வேட்டியை இரண்டாக மடித்து, சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டுங்கள். இரண்டடி முன்னால் மேசை, அதன்மேல் ஜாடி. ட்யூப்லைட்டை அணைத்துவிடுங்கள், எரிந்தால் ஜாடியின் வயிற்றில் வெள்ளைக் கோடு விழும்.

இனி விளிம்பு. பலருக்கும் படம் கெடுவது இங்கேதான். ஜாடியின் ஓரம் ஒளியை வளைப்பதால், பின்னணிக்கு அப்பால் பக்கவாட்டில் இருப்பதுதான் ஓரத்தில் தெரியும். அங்கேயும் வெள்ளை இருந்தால் ஓரம் பின்னணியோடு கரைந்துவிடும். அதனால் இரு பக்கமும், ஃபிரேமுக்குச் சற்று வெளியே, கறுப்பு சார்ட்டை நிறுத்துங்கள். ஓர் அங்குலம் உள்ளே தள்ளிப் பாருங்கள், கோடு தடிக்கும். பென்சிலால் வரைந்த மாதிரி ஆனதும் விட்டுவிடலாம்.

கேமராவை ட்ரைபாடில் நிறுத்தி, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, எஃப் 11 (லென்ஸ் துளையின் அளவு), 2 விநாடி டைமர் வையுங்கள். வெள்ளையைப் பார்த்ததும் கேமரா அதைச் சாம்பல் நிறமாக்கிவிடும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் விழும் வெளிச்சத்தின் அளவை, +1 கூட்டுங்கள். அதற்குமேல் ஏற்றினால் பின்னணி வெளிறி, விளிம்புக் கோட்டையும் தின்றுவிடும். போனில் எடுத்தால் ஜாடியின் வாய் விளிம்பில் விரலை அழுத்தி ஃபோகஸைப் பூட்டிய பிறகு வெளிச்சத்தை ஏற்றுங்கள்.

கட் கிளாஸ் (பட்டை வெட்டிய கண்ணாடி), பொறித்த பூவேலை இருந்தால் தலைகீழ் ஏற்பாடு. பக்கவாட்டு சார்ட்டுகளை எடுத்துவிட்டு, வேட்டியின் நடுவில் ஃபிரேமை நிரப்பும் அளவுக்கு மட்டும் கறுப்பு சார்ட்டை ஒட்டுங்கள். அதைச் சுற்றி வரும் ஒளியில் விளிம்புகள் வெள்ளையாக மின்னும். தூசியும் சேர்ந்து மின்னும், அதுதான் தொல்லை. சோப்புத் தண்ணீரில் கழுவி, மைக்ரோஃபைபர் துணியால் ஈரம் போகத் துடைத்து, அப்புறம் காட்டன் கையுறையோடு மட்டும் தொடுங்கள். மேசையில் வைத்தபின் தூசி தெரிந்தால் காற்றை ஊதும் ப்ளோயர்தான். உலர்ந்த துணியால் தேய்த்தால் இன்னும் ஒட்டும்.

அடர் நீல ஜாடி இந்தக் கறுப்பில் கரிக்கட்டையாகிவிடும். ஜாடியைவிடச் சற்றுச் சிறிதாக அட்டை வெட்டி, அலுமினியம் ஃபாயில் ஒட்டி, பின்னால் மறைத்துச் சாய்த்து வையுங்கள். மேலிருந்து ஒரு டார்ச் அதன்மேல் பட்டால் நிறம் உள்ளிருந்து எழும். தங்க முலாம் பூசிய கோடுகள் ஒளியை விடாது, வெறும் நிழலாகத் தெரியும். கேமரா பக்கம் ஒரு தெர்மோகோல் அட்டை வைத்தால் போதும். இரண்டு வேண்டாம், இரண்டும் ஜாடியில் தெரியும்.

பிரதிபலிப்பைக் குறைக்க லென்ஸில் மாட்டும் போலரைசர் ஃபில்டரை நம்பி இறங்காதீர்கள். தட்டையான கண்ணாடிக்குச் சரி. உருண்டையில் கோணம் இடத்துக்கு இடம் மாறுவதால் ஒரு திட்டு மறையும், பக்கத்துத் திட்டு நிற்கும். ஜாடியில் தண்ணீர் ஊற்றினால் அது லென்ஸாகி, இடம் வலம் மாறி, பக்கவாட்டுச் சார்ட்டுகளை உள்ளே இழுத்துக் காட்டும். அப்போது சார்ட்டுகளை மறுபடி வெளியே தள்ளி வைக்க வேண்டியிருக்கும்.