பாங்காக்கில் மலிவாகச் சுற்றக் கிளம்பி பணத்தை எங்கே விடுகிறார்கள்

ஊரிலிருந்து யாராவது பாங்காக் வருகிறார்கள் என்றால், கிளம்புவதற்கு ஓரிரு நாள் முன்புதான் எனக்கு அழைப்பு வரும். டிக்கெட் எடுத்தாகிவிட்டது, அறைக்குப் பணம் கட்டியாகிவிட்டது, இனி என்னிடம் யோசனை கேட்டு என்ன செய்வது? வந்த புதிதில் நானும் இதே வழியில்தான் திரிந்தேன் என்பதால் வாயைத் திறந்து திட்டவும் முடியவில்லை. கடவுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்பதெல்லாம் வருகிறவர்களுக்கே தெரியும். தெரியாமல் செலவு வைப்பவற்றை மட்டும் எழுதுகிறேன்.

எந்த விமான நிலையம் என்று பார்க்காமல் வருவது

இந்த நகரத்துக்கு இரண்டு விமான நிலையங்கள். சுவர்ணபூமி கிழக்கே, டான் முவாங் வடக்கே. மலிவு விமானங்கள் பல டான் முவாங்கில்தான் இறங்கும். சுவர்ணபூமி என்றால் கீழ்த்தளத்துக்குப் போய் ரயிலில் ஏறுங்கள். பாயா தாய் ஸ்டேஷன் வரை போனாலும் 45 பாட்தான், அரை மணி நேரத்தில் நகருக்குள் இருப்பீர்கள். பணம் மாற்றுவதும் அதே கீழ்த்தளத்தில் ரயில் வாசலுக்கு அருகில் வைத்துக்கொள்ளுங்கள். வருகைக் கூடத்துக் கவுன்டர்களைவிட அங்கே நல்ல விலை கிடைக்கும்.

டான் முவாங்கில் இறங்கினால் சிவப்புத் தட ரயிலில் பாங் சூ போய் அங்கிருந்து எம்ஆர்டி என்கிற சுரங்க ரயிலைப் பிடிக்கலாம். ஏ1 பஸ்ஸில் 30 பாட்டுக்கு மோ சிட் வந்து மேம்பால ரயிலிலும் ஏறலாம். ஒன்றில் இறங்கி மற்றொன்றிலிருந்து புக்கெட்டுக்கோ கிராபிக்கோ பறக்கப் போகிறவர்களுக்கு இரண்டுக்கும் இடையே இலவச பஸ் உண்டு, அடுத்த விமான டிக்கெட்டைக் காட்ட வேண்டும். மாலை நெரிசலில் அந்தத் தூரத்தைக் கடக்கக் கையில் மூன்று மணி நேரமாவது இருக்கட்டும்.

விலையை மட்டும் பார்த்து அறை பிடிப்பது

எனக்கு இன்றுவரை ஆறாத கோபம் இதில்தான்.

என் அக்கா மகன் இரண்டு நண்பர்களோடு வந்திருந்தான். "மாமா, அருமையான விலைக்கு அறை கிடைத்துவிட்டது. ஸ்டேஷனுக்குப் பக்கத்து அறைகளைவிட ராத்திரிக்கு 250 பாட் குறைவு. ரயிலுக்கு ஒன்றரை கிலோமீட்டர்தான், நடந்துவிடுவோம்" என்றான். எந்தப் பக்கம் என்று கேட்டேன். ஏக்கமாய் ஸ்டேஷன் அருகே ஒரு சொய்யின் (சந்தின்) உள்ளே, வாய்க்கால் கரைக்குக் கிட்டத்தில். அப்போதே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. பணம் கட்டியாகிவிட்டது, ரத்து செய்தால் திரும்ப வராது.

சென்னையில் ஒன்றரை கிலோமீட்டர் என்றால் குறுக்குத் தெருவில் புகுந்து போய்விடலாம். பாங்காக்கின் இந்தப் பகுதிகளில் குறுக்குத் தெரு அபூர்வம். ஒரு காலத்தில் இங்கே நெல்வயல்களும் வாய்க்கால்களும்தான் இருந்தன. நிலக்காரர்கள் நீளநீளமான வயல்களை மனைகளாக்கியபோது பெருஞ்சாலையிலிருந்து உள்ளே ஆளுக்கொரு சந்து வெட்டிக்கொண்டார்கள். பக்கத்து நிலத்துக்கு வழி விட வேண்டிய தேவை யாருக்கும் இருக்கவில்லை. சாலையிலிருந்து சீப்புப் பற்களைப்போல் நீளும் அந்தச் சந்துகள்தான் இன்றைய சொய்கள். பல சொய்களுக்கு மறுமுனையே கிடையாது, மதிலிலோ வாய்க்காலிலோ போய் முட்டும். உள்ளே இருக்கும் அத்தனை வண்டியும் ஒரே வாய் வழியாகப் பெருஞ்சாலைக்கு வந்தாக வேண்டும் என்பதால்தான் மாலையில் இந்தப் பகுதியின் பெருஞ்சாலையான சுகும்வித் சாலை அப்படி உறைந்து நிற்கிறது.

இதில் எண் குழப்பம் வேறு. சுகும்வித்தின் ஒரு பக்கம் ஒற்றைப்படை சொய்கள், எதிர்ப்பக்கம் இரட்டைப்படை. இரண்டு வரிசையும் தனித்தனியாக ஓடுகின்றன. ஏக்கமாய் ஸ்டேஷனில் சொய் 63 ஒரு பக்கம் என்றால் அதன் எதிரே இருப்பது 42. சொய் 40-ம் 41-ம் அடுத்தடுத்து இருக்கும் என்று நினைத்து அறை போட்டவர்களை எனக்குத் தெரியும். ஒன்று ஏக்கமாய் அருகே, மற்றது புரோம் போங் அருகே, நடுவில் தாங் லோ ஸ்டேஷன்.

என் அக்கா மகனின் கணக்குக்கு வருகிறேன். முதல் நாள் காலையில் மூவரும் நடந்தார்கள். நடைபாதை பாதி தூரத்தில் முடிந்துவிட்டது, மீதித் தூரம் மின்கம்பங்களுக்கும் வண்டிகளுக்கும் நடுவில். ஸ்டேஷனுக்குள் நுழையும்போதே சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மதியத்திலிருந்து மோட்டார் சைக்கிள் டாக்சிதான். சொய் வாயில் தகரக் கூரைக்கு அடியில் ஆரஞ்சுச் சட்டை போட்ட ஓட்டுநர்கள் வரிசையில் இருப்பார்கள், ஒவ்வொரு முதுகிலும் எண் இருக்கும். எவ்வளவு தூரத்துக்கு எவ்வளவு என்று பலகையிலேயே எழுதிவைத்திருப்பார்கள். ஏமாற்று வேலை ஒன்றும் இல்லை, நியாயமான ஆட்கள். ஆனால் ஒரு வண்டிக்கு ஒருவர்தான். ஆளுக்கு 20 பாட், மூன்று பேர், காலையில் வெளியே, மதியம் திரும்ப, மாலையில் வெளியே, இரவில் திரும்ப என்று நாலு முறை. மொத்தம் 240 பாட். ராத்திரிக்கு மிச்சம் பிடித்தது 250. பத்து பாட் லாபத்துக்கு இவ்வளவு வியர்வை!

அந்தப் பத்து பாட்டையும் மழை வாங்கிக்கொண்டது. ஜூன் முதல் அக்டோபர் வரை சாயங்கால மழை இங்கே வழக்கம். அரை மணி நேரம் கொட்டினால் சொய்யில் கணுக்கால் வரை தண்ணீர் நிற்கும். மோட்டார் சைக்கிள்காரர்கள் கூரைக்கு அடியில் ஒதுங்கிவிடுவார்கள், டாக்சிக்காரர் சொய்யின் பெயரைக் கேட்டதுமே தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். இவர்கள் மூவரும் ஸ்டேஷன் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டு எனக்குப் போன் செய்தார்கள். நான் என்ன செய்ய முடியும்?

இளைஞர்களாவது சமாளித்துக்கொள்வார்கள். இன்னொருவர் வயதான தாயாரைக் கூட்டிக்கொண்டு வந்து இதே மாதிரி ஓர் இடத்தில் தங்கினார். இங்கே பாவாடை கட்டிய பெண்கள் பக்கவாட்டில் உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்தபடி அலட்டிக்கொள்ளாமல் மோட்டார் சைக்கிளில் போவார்கள். மூட்டுவலிக்காரத் தாயாருக்கு அது ஆகிற காரியமா? ஒவ்வொரு முறையும் டாக்சி. சிக்கனத்துக்காகப் பிடித்த அறை, அந்தப் பயணத்திலேயே பெரிய செலவாக முடிந்தது. இலவச வாகனம் உண்டு என்று விடுதி சொன்னதை அவர் நம்பியிருந்தார். மணிக்கு ஒரு தடவை கிளம்பும் ஒரு டுக்டுக் ஆட்டோவைத்தான் அப்படிச் சொல்லியிருந்தார்கள்.

அதனால் அறை தேடும்போது முதலில் வரைபடத்தில் ரயில் தடத்தை வையுங்கள், விலையைப் பிறகு பாருங்கள். விடுதிப் பக்கத்தில் போட்டிருக்கும் தூரம் பெரும்பாலும் காக்கை பறக்கும் கணக்கு. நடந்துபோகும் வழியை வரைபடத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள். 500 மீட்டருக்கு மேல் போனால் அடுத்த விடுதிக்கு நகருங்கள். மலிவு வேண்டுமென்றால் சொய்க்குள் போகாமல் தடத்தோடு தள்ளிப் போக வேண்டும். பிரா கனோங், ஓன் நுட், உடோம் சுக் என்று கிழக்கே போகப் போக ஸ்டேஷன் வாசலிலேயே விலை இறங்கும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் வோங்வியன் யாய் இருக்கிறது. எம்ஆர்டியில் ஹுவா லம்போங், இட்சராபாப். ரயிலில் கூடுதலாகப் பத்து நிமிடம் குளிரில் உட்காருவதும் வெயிலில் இருபது நிமிடம் நடப்பதும் ஒன்றல்ல.

காவ் சான் பக்கம் தங்குவது வேறு கதை. அறை மலிவு, சாப்பாடு மலிவு, கோயில்கள் அருகில், ஆனால் வாசலில் ரயில் இல்லை. பழைய நகரத்தை மட்டும் பார்க்க வந்தவர்கள் தாராளமாக அங்கே தங்கலாம். தினமும் சயாம் பக்கம் கடைகளுக்குப் போகப் போகிறவர்கள் தங்கக் கூடாது.

ஒரு நாள் பாஸை வாங்கிவிட்டு மகிழ்வது

பிடிஎஸ் என்கிற மேம்பால ரயிலின் ஒரு நாள் பாஸ் 150 பாட். நகரின் நடுப்பகுதிக்குள் ஒரு பயணத்துக்கு 17 முதல் 47 பாட் வரைதான் ஆகும். இரண்டு மூன்று முறை ஏறி இறங்குபவருக்கு அது நஷ்டம். அதைவிட முக்கியம், சுரங்க ரயிலான எம்ஆர்டிக்கும் விமான நிலைய ரயிலுக்கும் அந்தப் பாஸ் செல்லாது. அசோக் ஸ்டேஷனும் சுகும்வித் ஸ்டேஷனும் ஒன்றோடு ஒன்று ஒட்டியிருக்கும், பெயர் வேறு, நிறுவனம் வேறு, டிக்கெட்டும் வேறு. சாலா தேங்கும் சீலோமும் அப்படித்தான்.

எம்ஆர்டி வாயிலில் விசா, மாஸ்டர்கார்டு வங்கி அட்டைகளைத் தட்டியே உள்ளே போகலாம். ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும். இந்திய அட்டை என்றால் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் தட்டிச் செலுத்தும் வசதியையும் ஊரிலேயே வங்கிச் செயலியில் திறந்துவிட்டு வாருங்கள். வாயிலில் நின்று ஓடிபி தேடிக்கொண்டிருந்தால் பின்னால் வரிசை சேர்ந்துவிடும்.

தண்ணீர் வழியை மறந்துவிடுவது

சாலை உறைந்திருக்கும் நேரத்திலும் படகு ஓடும். சபான் தக்சின் ஸ்டேஷனை விட்டு இறங்கினால் சாதோர்ன் படகுத்துறை. அங்கே முன்னால் வந்து நிற்பது சுற்றுலாப் படகு விற்பவர்கள்தான், நீலக் கொடி, ஒரு நாள் சீட்டு 150 பாட். பக்கத்திலேயே ஆரஞ்சுக் கொடிப் படகு வரும். எங்கே இறங்கினாலும் ஒரே கட்டணம், நீலப் படகின் ஒரு பயணத்துக்குக் கேட்பதில் ஏறக்குறைய பாதி. அலுவலகம் போகிறவர்கள், துறவிகள், பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் அதில்தான். தா தியன் துறையில் இறங்கினால் வாட் போ கோயில் எதிரே இருக்கிறது. அங்கிருந்து ஆற்றைக் குறுக்கே கடந்து வாட் அருண் கோயிலுக்குப் போக, ஐந்து பாட் அளவில் ஒரு சிறு படகு.

சேன் சேப் வாய்க்கால் படகை நம்மவர்கள் பலர் எட்டியும் பார்ப்பதில்லை. தங்க மலைக்கோயிலுக்கு அருகே உள்ள பான்ஃபா துறையிலிருந்து ஹுவா சாங், பிரதுனாம் என்று நகரின் நடுவே ஓடுகிறது. துறையில் படகு சில விநாடிகள்தான் நிற்கும். ஆள் கயிற்றைத் தூணில் ஒரு சுற்று சுற்றி இழுத்துப் பிடித்திருக்கும்போதே காலை வைத்து ஏறிவிட வேண்டும். டிக்கெட் கொடுப்பவர் தலைக்கவசத்தோடு படகின் வெளி விளிம்பில் நடந்து வருவார், தாழ்வான பாலம் வந்தால் குனிந்துகொள்வார். ஓரத்தில் உட்கார்ந்தால் உங்களுக்கு ஒரு வேலை உண்டு: எதிரே படகு வரும்போது தலைக்கு மேல் தொங்கும் கயிற்றை இழுத்துத் தார்ப்பாயைத் தூக்க வேண்டும். இழுக்காவிட்டால் அந்தக் கறுப்புத் தண்ணீர் முகத்தில் அடிக்கும். பிரதுனாமைத் தாண்டிப் போகிறவர்கள் அங்கே படகு மாற வேண்டும், டிக்கெட்டை எறிந்துவிடாதீர்கள்.

இருட்டிய பிறகு ஆற்றுப் படகையும் வாய்க்கால் படகையும் நம்பித் திட்டம் போடாதீர்கள்.

டாக்சியில் பேரம் பேசுவது

மீட்டர் போடாவிட்டால் ஏறாதீர்கள். விடுதி வாசலில் நிற்கும் டாக்சியை விட்டுவிட்டு, சாலையில் ஓடிக்கொண்டிருப்பதைக் கைகாட்டி நிறுத்துங்கள்.

மாலையில் டாக்சியே வேண்டாம். சீலோம் மாரியம்மன் கோயிலுக்கு நம்மவர்கள் தவறாமல் போவார்கள்; 1879-ல் இங்கே குடியேறிய தமிழர்கள் கட்டிய கோயில். வெள்ளிக்கிழமை மாலை டாக்சியில் ஏறி, நகராத சீலோம் சாலையில் மீட்டர் மட்டும் நகர்வதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சூரசக் ஸ்டேஷனில் இறங்கிப் பான் சாலை வழியாக நடந்தால் கோயில் மூலையிலேயே வந்து நிற்கலாம்.

"இன்று அரண்மனை மூடியிருக்கிறது"

மூடியில்லை. பெரிய அரண்மனைக்குப் போகும் வழியில் அப்படிச் சொல்லி நிறுத்துபவரோடு நின்று பேசாமல் வாசல் வரை நடந்து போங்கள்.

ஏடிஎம்மில் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பது

வெளிநாட்டு அட்டைக்கு ஒவ்வொரு முறையும் 220 பாட் போல் பிடிப்பார்கள். எடுத்தால் மொத்தமாக எடுங்கள்.

கிழமையும் நேரமும் பாராமல் கிளம்புவது

அரண்மனைக்கு நுழைவுச் சீட்டு 500 பாட், காலை 8.30-க்குத் திறந்து பிற்பகல் 3.30-க்கெல்லாம் சீட்டுக் கொடுப்பதை நிறுத்திவிடுவார்கள். சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்குப் போனால் அவ்வளவு பணம் கொடுத்தும் அரைகுறையாகத்தான் பார்க்க முடியும். அரைக்கால் சட்டையோடு போனால் வாசலிலேயே துணி தேட வேண்டியிருக்கும். காலையில் எம்ஆர்டியில் சனாம் சாய் ஸ்டேஷனுக்குப் போய் அங்கிருந்து நடப்பதுதான் எளிது. அரண்மனை மண்டபம்போல் தூண்களும் பொன்வேலையுமாக அந்த ஸ்டேஷனை அமைத்திருக்கிறார்கள், அதைப் பார்க்கத் தனிச் சீட்டு கிடையாது. தேசிய அருங்காட்சியகத்துக்குத் திங்களும் செவ்வாயும் விடுமுறை. சட்டுசக் சந்தை முழுதாக நடப்பது சனி, ஞாயிறுகளில்தான். உங்கள் பயணத்தில் அந்த இரண்டு நாளும் இல்லையென்றால் அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.