நீலகிரியில் புல்தரையும் பூந்தோட்டமும்: மழைக்கு முன்பிருந்து உறைபனி வரை

சமவெளியில் தோட்டம் வைப்பவருக்குத் தண்ணீர் ஊற்றுவதுதான் முதல் கவலை. மலையில் வைப்பவருக்குத் தண்ணீரை வெளியேற்றுவது முதல் கவலை. இதை மனதில் வாங்கிக்கொண்டால் மற்ற வேலைகள் எல்லாம் எளிது.

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். குன்னூர் சுமார் 1,850 மீட்டர். ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர், ஊட்டிப் பக்கம் வெளுத்து வாங்கும். குன்னூர், கோத்தகிரிப் பக்கத்துக்கோ ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. உங்கள் வீடு எந்த மழையின் பக்கம் இருக்கிறது என்பதை அக்கம்பக்கத்தில் காய்கறி போடும் விவசாயியிடம் கேளுங்கள். நீர்போகம், கார்போகம், கடைபோகம் என்று அவர்கள் ஆண்டைப் பிரித்து வைத்திருக்கும் கணக்கு பூந்தோட்டத்துக்கும் பெரும்பாலும் பொருந்தும். சமவெளியில் அச்சாகும் தோட்டக்கலை அட்டவணைகளைவிட நான் அதைத்தான் நம்புகிறேன்.

படி 1: வடிகால் (ஏப்ரல், மே)

புல் போட நினைக்கும் இடத்தில் ஓரடி ஆழம், ஓரடி அகலத்துக்கு ஒரு குழி தோண்டுங்கள். தண்ணீர் நிரப்பி, வடிந்ததும் மாலையில் மறுபடி நிரப்புங்கள். மறுநாள் காலையிலும் அடியில் தண்ணீர் நின்றால் அந்த மண்ணில் வேர் அழுகும். அங்கே பாத்திகளை அரையடி உயர்த்தித்தான் செடி வைக்க வேண்டும்.

அடுத்து, தோட்டத்தின் மேட்டுப் பக்கத்தில் சரிவுக்குக் குறுக்காக ஒரு சாண் அகல வாய்க்கால் வெட்டி, லேசான வாட்டம் கொடுத்து, சாலையோரக் கால்வாயில் கொண்டுபோய் விடுங்கள். பக்கத்து வீட்டுக்காரரின் மண் திட்டு மீது விடவே கூடாது. தடுப்புச் சுவரில் நீர் கசிவதற்காக விட்டிருக்கும் துளைகளைக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். அந்தத் துளை அடைபட்டால் சுவருக்குப் பின்னால் மண் நீரைக் குடித்துக் கனத்து, சுவரையே தள்ளிவிடும். 2009 நவம்பர் மழையில் இந்த மாவட்டத்தில் ஏற்பட்ட நிலச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். புல்தரைக்குச் சமதளம் வேண்டும் என்பதற்காகச் சரிவைச் செங்குத்தாக வெட்டாதீர்கள் என்று ஒவ்வொரு புதியவரிடமும் மன்றாடிக் கேட்கிறேன். சிறு சிறு படிக்கட்டுத் தளங்களாகப் பிரித்து, ஓரங்களில் வெட்டிவேரோ எலுமிச்சைப் புல்லோ நட்டால் மண் நிற்கும், பார்க்கவும் அழகாக இருக்கும்.

படி 2: மண்ணின் புளிப்பு

அடிக்கும் மழை மண்ணிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் கரைத்துக்கொண்டு போவதால் நீலகிரி மண் பொதுவாக அமிலத்தன்மை கொண்டது. இதற்கு ஹைட்ரேஞ்சியாவே சாட்சி. அமில மண்ணில் அலுமினியம் கரைந்து செடிக்குக் கிடைப்பதால்தான் இங்கே சாலையோரங்களில் அது நீலமாகப் பூக்கிறது. அதே செடிக்குச் சுண்ணாம்பு போட்டால் பூ இளஞ்சிவப்புக்கு மாறும்.

மண் பரிசோதனை செய்தபின், தேவைப்பட்டால் மட்டும் கோடை மழைக்கு முன் டோலமைட் (மக்னீசியமும் கலந்த சுண்ணாம்புத் தூள்) தூவுங்கள். ஒரு தடவைக்குச் சதுர மீட்டருக்கு 200 கிராமைத் தாண்ட வேண்டாம். எருவோ யூரியாவோ போடுவதற்கு மூன்று வார இடைவெளி விடுங்கள். கமேலியா, அசேலியா, ரோடோடென்ட்ரான் மூன்றுக்கும் புளிப்பு மண்தான் பிடிக்கும். அவற்றின் பக்கம் சுண்ணாம்பைக் கொண்டுபோகாதீர்கள்.

படி 3: மழைக்காலப் புல்

இங்கே பரவலாக இருப்பது கிக்கியூ புல். கிழக்கு ஆப்பிரிக்க மலைகளிலிருந்து வந்தது. தரைமேல் ஓடும் தண்டாலும் மண்ணுக்குள் ஓடும் தண்டாலும் பரவும். வேருள்ள துண்டுகளைப் பத்து சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டாலே போதும், தானே மூடிக்கொள்ளும். அந்தச் சுறுசுறுப்புதான் அதன் ஆபத்தும். வேலிக்கு வெளியே கொட்டும் ஒரு கூடைப் புல், அருகிலுள்ள சோலையோரத்திலும் புல்வெளியிலும் வேர் பிடித்து இந்த மலைக்கே உரிய செடிகளை நெருக்கிவிடும். வெட்டிய புல்லைத் தோட்டத்துக்குள்ளேயே மக்க வையுங்கள். மக்குக் குழிக்கு மேல் ஒரு தகரமோ தார்ப்பாயோ இருக்கட்டும். இல்லையென்றால் சத்தெல்லாம் மழையோடு போய்விடும்.

வறண்ட மாதங்களில் புல்லை ஒன்றரை அங்குல உயரத்தில் வைத்தால், மழை மாதங்களில் இரண்டரை அங்குலம் வரை விடுங்கள். வெயில் குறைந்த நாட்களில் உணவு தயாரிக்க அதற்கு அதிக இலை வேண்டும். ஒரே வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். ஈரப் புல்லில் இயந்திரத்தை ஓட்டினால் இலை கிழியும், மண் இறுகும், சரிவில் காலும் வழுக்கும். ஜூலையில் இரண்டு மணி நேரம் வெயில் கிடைத்தால் போதும், அன்று வேறு வேலையை ஒதுக்கிவிட்டுப் புல்லை வெட்டுங்கள். அதுவும் கிடைக்காவிட்டால் கையரிவாளால் ஓரங்களை மட்டும் ஒதுக்கிவிடலாம்.

பாசி படர்ந்தால் மருந்து தேட வேண்டாம். நிழல், இறுகிய மண், தேங்கிய ஈரம் மூன்றில் ஒன்று இருக்கிறது என்று பொருள். முள்கவையை நாலு அங்குலம் இறக்கி லேசாக ஆட்டி எடுங்கள். ஒரு சாணுக்கு ஒரு குத்து. துளைகளில் பரும்படியான மணலும் சலித்த மக்கும் கலந்து பெருக்கிவிடுங்கள். மேலே கவிந்திருக்கும் கிளைகளைக் கழியுங்கள்.

நத்தைத் தொல்லைக்குக் கைவேலைதான் நல்லது. மாலையில் நனைத்த கோணிச் சாக்கைப் பாத்தியோரம் விரித்து வையுங்கள். விடிந்ததும் புரட்டிப் பார்த்தால் ஓடுள்ளதும் ஓடில்லாததுமாக அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். பொறுக்கி உப்புத் தண்ணீரில் போடுங்கள். உப்பை மண்ணில் தூவவே கூடாது.

படி 4: இரண்டாம் சீசன்

சுற்றுலாப் பயணிகள் வரும் இரண்டாம் சீசனான செப்டம்பர், அக்டோபரில் பூக்க வேண்டிய செண்டு, சால்வியா, பெட்டூனியா நாற்றுகளை ஜூன், ஜூலையிலேயே கூரைக்கு அடியில் வளர்த்துக்கொள்ளுங்கள். மழை ஓயும் செப்டம்பரில் புல்லுக்குச் சதுர மீட்டருக்கு 10 கிராம் யூரியா தூவித் தண்ணீர் தெளிக்கலாம். குன்னூர்ப் பக்கம் அடுத்த மழை வருவதற்குள் முடித்துவிடுங்கள். ரோஜா இலையில் கரும்புள்ளி விழுந்தால் 10 கிராம் மயில்துத்தம், 10 கிராம் நீர்த்த சுண்ணாம்பு, ஒரு லிட்டர் தண்ணீர் என்ற கணக்கில் போர்டோ கலவை செய்து, இலை காய்ந்திருக்கும் நாளில் தெளியுங்கள். பிளாஸ்டிக் வாளியில் கலக்க வேண்டும். அன்றே தீர்த்துவிட வேண்டும்.

படி 5: உறைபனி (நவம்பர் முதல் பிப்ரவரி வரை)

மேகமில்லாத, காற்றில்லாத இரவில் தரையின் சூடு வானத்துக்குப் போய்விடும். குளிர்ந்த காற்று கனமாகிப் பள்ளத்தில் தங்கும். அதனால்தான் ஊட்டியை அடுத்த தலைகுந்தா, காந்தள் போன்ற தாழ்வான பகுதிகள் வெள்ளையாகிக் கிடக்கும் காலையில், மேட்டு வீடுகளில் வெறும் ஈரம் மட்டும் இருக்கும். உங்கள் தோட்டத்துக்குள்ளும் இப்படி ஒரு பள்ளம் இருக்கும். மென்மையான செடிகளை அங்கிருந்து மாற்றி, வீட்டுச் சுவரையொட்டி வையுங்கள்.

பகலில் மண்ணை நனைத்து வையுங்கள். ஈர மண் சூட்டை அதிக நேரம் வைத்திருக்கும். மாலை ஐந்து மணிக்குள் செடிகளை மூடிவிட வேண்டும். ஊட்டி அரசு தாவரவியல் பூங்காவில் கோத்தகிரி மிலார் என்னும் செடிகளைக் குடைபோல நட்டு மூடுவார்கள்; வீட்டில் காய்ந்த சருகுக் கிளைகளோ பழைய சாக்கோ போதும். பிளாஸ்டிக் தாள் இலையைத் தொட்டால் தொட்ட இடம் கருகும். வெயில் ஏறியதும் மூடியதை எடுத்துவிடுங்கள்.

உறைந்த புல்லின் மேல் யாரையும் நடக்க விடாதீர்கள். உறைந்த இலை மிதிபட்டால் உள்ளே நொறுங்கிவிடும். மதியத்துக்குள் ஒவ்வொரு காலடியும் கறுப்பாகத் தெரியும், புது இலை வரும்வரை மறையாது. பூங்காவில் செய்வதுபோல, வெயில் படுவதற்கு முன் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைத்துவிடுவது நல்லது. இந்த மாதங்களில் யூரியா வேண்டாம். இளந்தளிர்தான் முதலில் கருகும்.

கருகிய நுனிகளைப் பார்த்ததும் கத்தரிக்கோலை எடுக்காதீர்கள். அந்தக் காய்ந்த இலைதான் அடியிலுள்ள மொட்டுக்குப் போர்வை. மேட்டு வீட்டு ரோஜாவுக்கு ஜனவரியில் கவாத்து செய்யலாம். ஏப்ரல், மே மாதங்களில் பூக்கும். பள்ளத்தில் இருப்பவர்கள் பிப்ரவரி பாதி வரை பொறுத்து, இரண்டு வாரம் பனி விழாமல் இருந்தால் வெளிப்பக்கம் பார்த்த மொட்டுக்குக் கால் அங்குலம் மேலே, சாய்வாக வெட்டுங்கள். பழுப்பாகிப் போன கிக்கியூவைப் பெயர்த்துவிட வேண்டாம். வேர் உயிரோடு இருக்கும், மார்ச்சில் கோடை மழை இறங்கியதும் துளிர்க்கும்.