குழந்தைக்குச் சிந்தாமல் சாப்பிடப் பழக்குவது எப்படி? கட்டைவிரலில்தான் இருக்கிறது சூட்சுமம்

மூன்று வயதுப் பிள்ளை தன் கையால் சோறு சாப்பிட்டால் கீழே கொஞ்சம் விழத்தான் செய்யும். "சிந்தாதே, சிந்தாதே" என்று சொல்லிக்கொண்டே இருந்தால் அது நம் முகத்தைப் பார்க்குமே தவிர தட்டைப் பார்க்காது. முக்கால்வாசி நேரம் அது குறும்பும் இல்லை. கைக்கு வேலை இன்னும் பிடிபடவில்லை, அவ்வளவுதான். என் மகளுக்குப் பழக்கியபோது பலன் கொடுத்த முறையை வரிசையாகச் சொல்கிறேன். ஸ்பூன் இதில் அதிகம் வராது. நம் வீட்டுச் சாப்பாட்டுக்கு முதலில் கைதான் பழக வேண்டும்.

1. தட்டை மேலே ஏற்றுங்கள்

சிந்துவதெல்லாம் தட்டுக்கும் வாய்க்கும் நடுவில்தான். சம்மணம் போட்டு உட்காரும் குழந்தைக்குத் தரையில் இருக்கும் தட்டு ரொம்ப தூரம். ஒரு மணையோ சின்னப் பலகையோ போட்டு, வயிற்று உயரத்துக்குத் தட்டை ஏற்றினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்தது. நாற்காலியில் என்றால் கால் அந்தரத்தில் தொங்கக் கூடாது. கால் தொங்கினால் உடம்பு ஆடும், உடம்பு ஆடினால் கையும் ஆடும். காலுக்கு அடியில் ஒரு முக்காலி போடுங்கள். டிவி, போன் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

2. எந்தத் தட்டு?

என் ஓட்டு, சுவர் மாதிரி விளிம்பு நிமிர்ந்து நிற்கும் கனமான எவர்சில்வர் தட்டுக்கு. தட்டையான தட்டில் சோற்றைத் தள்ளினால் நேராக வெளியே போகும். நிமிர்ந்த விளிம்பில் மோதி விரலுக்குள் வரும். தட்டு நகராமல் இருக்க அடியில் ஈரத்துணி மடித்துப் போடுங்கள். ஒட்டிக்கொள்ளும் சிலிகான் தட்டுகள் எனக்குப் பிடிக்கவில்லை. ஓரத்தைப் பிடித்து உரித்தால் கழன்றுவிடும் என்று பிள்ளைகள் சீக்கிரமே கண்டுபிடித்துவிடுவார்கள். அப்புறம் அதுவே விளையாட்டாகிவிடும்.

3. சோற்றின் பதம்

பருப்பு சாதத்தில் தொடங்குங்கள். குழைய வேகவைத்து, நெய் விட்டுப் பிசைந்தால் கையில் அதிகம் ஒட்டாது. கையில் ஒட்டாவிட்டால் சட்டையில் துடைக்கும் வேலையும் இல்லை. விரல் நுனியில் எடுத்தால் வழியாமல் நிற்க வேண்டும், அதுதான் பதம். அடுத்தது கெட்டித் தயிர் சாதம், பிறகு சாம்பார். ரசத்துக்கு அவசரமே இல்லை, அதுவரை நீங்களே ஊட்டுங்கள். இட்லி சுலபம். தோசையை ஒரு கையால் பிய்ப்பது பெரியவர்களுக்கே ஒரு வித்தை, பிய்த்தே வையுங்கள்.

4. கட்டைவிரல்

எங்களுக்கு நாள் பிடித்தது இந்த இடத்தில்தான். சோற்றை எடுக்கக் குழந்தைக்குத் தெரிகிறது. வாய்க்குள் போட்டுவிட்டு விரலை வெளியே எடுக்கத் தெரியவில்லை. அதனால் உள்ளங்கையோடு வாயில் அப்பிக்கொள்கிறது. கன்னத்தில் பாதி, மடியில் மீதி.

நாம் எப்படிச் சாப்பிடுகிறோம் என்று ஒருமுறை மெதுவாகச் செய்து பாருங்கள். நான்கு விரல்களும் ஒட்டி, லேசாகக் குழிந்திருக்கும். சோறு விரல் நுனிப் பக்கமே நிற்கும், உள்ளங்கைக்கு வராது. வாய்க்கு அருகில் போனதும் கட்டைவிரல் பின்னால் வந்து, நகம் இருக்கும் பக்கத்தால் கவளத்தை முன்னே தள்ளும். இந்தக் கடைசி அசைவை யாரும் சொல்லித் தருவதில்லை, தானாக வரும் என்று விட்டுவிடுகிறோம்.

இதைச் சாப்பாட்டு நேரத்தில் சொல்லித் தராதீர்கள், பசியில் யாருக்கும் பொறுமை இருக்காது. சாயங்காலம் கொஞ்சம் பொரியை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். விரல் நுனியில் பொரியை வைத்து, கட்டைவிரலால் தள்ளி ஒரு கிண்ணத்தில் விழ வைக்கும் விளையாட்டு. எதிரில் உட்கார்ந்தால் குழந்தைக்கு எல்லாம் தலைகீழாகத் தெரியும். பக்கத்தில், அதே திசையைப் பார்த்து உட்காருங்கள். கிண்ணத்தில் விழ ஆரம்பித்ததும் அதே அசைவைப் பருப்பு சாதத்தில் செய்ய வையுங்கள். அதுவரை சாப்பாட்டு நேரத்தில் சின்னச் சின்ன உருண்டையாகப் பிடித்துத் தட்டில் வைத்தால் போதும், எடுத்துப் போட்டுக்கொள்ளும்.

5. கொஞ்சமாக வையுங்கள்

ஒரு கைப்பிடி சோறு. தீர்ந்தால் மறுபடியும். டம்ளரில் கால்வாசித் தண்ணீர், இடது பக்கம். வலது பக்கம் வைத்தால் முழங்கை தட்டிவிடும். சோற்றை எறிய ஆரம்பித்தால் பெரும்பாலும் வயிறு நிறைந்துவிட்டது என்று அர்த்தம். "இன்னும் ஒரே வாய்" என்று துரத்தாமல் தட்டை எடுத்துவிடுங்கள். ஓடிக்கொண்டே சாப்பிட விடவே வேண்டாம், புரையேறும்.

விழுந்த பருக்கைகளைக் குழந்தையும் சேர்ந்து பொறுக்கட்டும். தண்டனையாக வேண்டாம், கை கழுவுவது மாதிரி அதுவும் சாப்பாட்டில் ஒரு பகுதி.

பிற்சேர்க்கை: இடது கைப் பழக்கமுள்ள பிள்ளைக்கு என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். இடது கையாலேயே சாப்பிடட்டும், டம்ளரை வலது பக்கம் மாற்றி வையுங்கள். வீட்டுப் பெரியவர்கள் முணுமுணுப்பார்கள்தான். ஆனால் தடுமாறும் கையால் சாப்பிடச் சொல்லிவிட்டு, சிந்துகிறது என்று கோபப்படுவதில் நியாயமில்லை.

இன்னொன்று: வீட்டில் சிந்தாத பிள்ளை பள்ளியில் சிந்துகிறது என்றால் டப்பாவைப் பாருங்கள். ஆழமான, வாய் குறுகிய டப்பாவில் கை நுழையாது. எலுமிச்சை சாதம் உதிரியாக இருப்பதால் விரலில் நிற்கவும் நிற்காது. அகலமான, ஆழமில்லாத டப்பா வாங்குங்கள். மூடியைத் திறந்து மூட வீட்டிலேயே பழக்குங்கள். உதிரிச் சாதம் வைக்கும் நாளில் மட்டும் ஒரு ஸ்பூன் போட்டு அனுப்புங்கள்.