குழம்பைப் பார்த்து ஒயின் எடுங்கள்: குமரிச் சாப்பாட்டோடு ஒயின் சேர்க்கும் முறை

மீனுக்கு வெள்ளை ஒயின், இறைச்சிக்குச் சிவப்பு ஒயின் என்று எங்கே தேடினாலும் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். வெண்ணெயில் வாட்டி, உப்பும் மிளகும் தூவிச் சாப்பிடும் மீனுக்கு அது சரி. குளச்சலிலோ முட்டத்திலோ வாங்கி வரும் மீன் நம் வீட்டில் அப்படியா இலைக்கு வருகிறது? தேங்காய், வத்தல் மிளகாய், மல்லி, மஞ்சள், சின்ன உள்ளி எல்லாம் அம்மி பதத்துக்கு அரைத்து, புளி கரைத்து விட்டு, மாங்காயோ முருங்கைக்காயோ போட்டுக் கொதிக்க வைத்த குழம்பில் கிடந்து வருகிறது. நாக்கு முதலில் பார்ப்பது அந்தக் குழம்பை. அதனால் ஒயினையும் குழம்புக்குத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். நெய்மீனா, அயிலையா என்பது அப்புறம் வரும் கேள்வி.

நான் இதைக் கற்றுக்கொண்டது ஜெர்மனியில், மோசெல் ஆற்றங்கரையில் ஒரு சின்னக் குடும்ப ஒயின் பண்ணையில் வேலை பார்த்தபோது. அப்பா, அம்மா, மகன், மருமகள், கூட என்னைப் போல ஓரிருவர், அவ்வளவுதான் ஆட்கள். குளிர்காலம் முழுக்கக் கொடி கவாத்து. இளவேனிலில் கொடிகளை வளைத்துக் கட்டுவது. சரிவுகள் மிகச் செங்குத்தானவை. அந்தப் பகுதியில் கால்மோன்ட் என்ற மலைச்சரிவு சில இடங்களில் 65 டிகிரி வரை சாய்ந்திருக்கும். இயந்திரம் ஏறாத இடங்களில் எல்லாமே கைவேலை. செப்டம்பர் கடைசியில் தொடங்கிப் பழம் பறிப்பு. பறித்த பழத்தைத் தாமதிக்காமல் பிழிந்தாக வேண்டும். அதன்பின் நிலவறையில் சாறு நொதித்துக்கொண்டிருக்கும்போது ஒவ்வொரு தொட்டியிலும் கொஞ்சம் எடுத்து ருசி பார்ப்பது அன்றாட வேலை.

அங்கே சிறு ஒயின் குடும்பங்களுக்கு ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. வருஷத்தில் நான்கு மாதத்துக்கு மிகாமல், நாற்பது பேர் வரை உட்காரும் இடத்தில், சொந்த ஒயினையும் எளிய சாப்பாட்டையும் தங்கள் வீட்டிலேயே பரிமாறலாம். ஷ்ட்ராவுஸ்விர்ட்ஷாஃப்ட் என்று பெயர். இலையுதிர் காலத்தில் பாதி நொதித்த கலங்கல் ஒயினும், அதோடு வெங்காயம் நிறையப் போட்ட ஒரு அடையும் கிடைக்கும். அந்த வீட்டம்மா எந்தப் பாட்டிலைத் திறக்கலாம் என்று முடிவு செய்வதற்கு முன் அடுப்படிக்குப் போய் அன்றைய சமையலின் சாற்றை ஒரு கரண்டி எடுத்து ருசித்துப் பார்ப்பார். இந்தப் பழக்கத்தை அப்படியே நம் ஊர் அடுப்படிக்குக் கொண்டு வரலாம் என்பதுதான் இந்தப் பதிவு.

தொடங்கும் முன் ஒன்று. கிறிஸ்துமஸுக்கு வீட்டிலேயே திராட்சை ஒயின் போடும் பழக்கம் நம் பக்கம் உண்டு. ஆனால் 1937ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். அதனால் இங்கே ஒயின் போடும் முறை எதுவும் இல்லை. கடையில் முறைப்படி வாங்கிய பாட்டிலை வைத்துத்தான் பேசுகிறேன். 21 வயது நிறையாதவர்கள், கர்ப்பிணிகள், மருந்து சாப்பிடுபவர்கள், சாப்பிட்டு முடித்து வண்டி எடுக்க வேண்டியவர்கள் இதைத் தொட வேண்டாம்.

படி 1: நாக்கைப் பழக்குங்கள்

ஒயின் வாங்கும் முன்பே இதைச் செய்யலாம். சர்க்கரை போடாத எலுமிச்சைத் தண்ணீர் ஒரு மடக்குக் குடியுங்கள். வாயின் இரண்டு ஓரத்திலும் எச்சில் ஊறும். அதுதான் புளிப்பு. அடுத்து, தேயிலை நிறையப் போட்டு நெடுநேரம் ஊறவிட்ட கட்டன் சாயா. கன்னத்தின் உட்புறம் வறண்டு இழுக்கும். அதுதான் துவர்ப்பு. திராட்சையின் தோலிலும் விதையிலும் இருக்கும் டானின் என்ற பொருள்தான் ஒயினில் இந்த வேலையைச் செய்கிறது. சிவப்பு ஒயினைத் தோலோடு நொதிக்க விடுவதால் அதில் துவர்ப்பு அதிகம். வெள்ளை ஒயினுக்கு முதலிலேயே பிழிந்து தோலை நீக்கிவிடுவதால் துவர்ப்பு மிகக் குறைவு.

இந்த இரண்டோடு இனிப்பையும், தொண்டையில் இறங்கும்போது ஆல்கஹால் தரும் சூட்டையும் சேர்த்தால் நான்கு. பாட்டில் விமர்சனங்களில் வரும் பூ மணம், பழ மணம், மரப்பெட்டி மணம் எல்லாவற்றையும் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். சாப்பாட்டோடு மோதுவதும் ஒத்துப்போவதும் பெரும்பாலும் இந்த நான்குதான்.

படி 2: லேபிளில் சதவீதத்தைப் பாருங்கள்

ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக மாற்றுகிறது. ஒரு லிட்டரில் ஏறக்குறைய 17 கிராம் சர்க்கரை போனால் ஒரு சதவீதம் ஆல்கஹால் வரும். மோசெலில் சில தொட்டிகளைப் பாதியிலேயே குளிரவைத்து நொதிப்பை நிறுத்திவிடுவார்கள். அப்படிச் செய்தால் ஆல்கஹால் 8, 9 சதவீதத்தோடு நின்றுபோகும். மிச்சச் சர்க்கரை ஒயினிலேயே தங்கும். முழுக்க நொதிக்க விட்டால் 12 சதவீதமோ அதற்கு மேலோ போகும், இனிப்பு இருக்காது.

அதனால் வெள்ளை ஒயின் பாட்டிலில் 8 அல்லது 9 என்று இருந்தால் இனிப்பு இருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம். 12, 13 என்றால் பெரும்பாலும் இனிப்பற்றது. ஜெர்மன் லேபிளில் ட்ரோக்கன் என்றால் இனிப்பில்லாதது, ஃபைன்ஹெர்ப் என்றால் இலேசான இனிப்பு. கபினெட் என்ற வார்த்தை பறிக்கும்போது பழம் எவ்வளவு முதிர்ந்திருந்தது என்பதைச் சொல்வது, இனிப்பைப் பற்றியது இல்லை. அதைப் பார்த்தாலும் சதவீதத்தையும் சேர்த்துப் பாருங்கள். நம் நாட்டுப் பாட்டில்களில் டிரை, செமி ஸ்வீட் என்று எழுதியிருந்தால் வேலை இன்னும் சுலபம்.

படி 3: நம் வெயிலுக்கு ஏற்பக் குளிரவையுங்கள்

சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் பரிமாற வேண்டும் என்பது குளிர்நாட்டு அறையைக் கணக்கில் வைத்துச் சொன்னது. நம் வீட்டு அறை 30 டிகிரி. அந்தச் சூட்டில் சிவப்பு ஒயினில் ஆல்கஹால்தான் மூக்கில் ஏறும். ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஃப்ரிட்ஜில் வைத்து, 15 டிகிரி பக்கம் கொண்டு வாருங்கள். வெள்ளை ஒயினை ஃப்ரிட்ஜில் சில மணி நேரம் வைத்து, பரிமாறுவதற்குப் பத்து நிமிஷம் முன்னால் வெளியே எடுத்தால் போதும்.

படி 4: குழம்பை ருசி பாருங்கள்

இனி முக்கியமான வேலை. அடுப்பை அணைத்த பிறகு குழம்பில் ஒரு கரண்டி எடுத்து, ஆறவைத்து, சோறு இல்லாமல் ருசி பாருங்கள். மூன்று கேள்வி: காரம் எவ்வளவு, புளிப்பு எவ்வளவு, தேங்காய் எவ்வளவு.

காரம் முதலில். மிளகாயின் எரிச்சலை உணரும் அதே நரம்பு முனையை ஆல்கஹாலும் தூண்டிவிடுகிறது. அதனால் 14 சதவீத ஒயினைக் காரக் குழம்போடு குடித்தால் எரிச்சல் கூடும், ஒயினின் ருசியும் தெரியாமல் போகும். இனிப்போ எரிச்சலைத் தணிக்கும். ஆக, காரம் கூடக் கூட ஆல்கஹால் குறைய வேண்டும், இனிப்பு கொஞ்சம் ஏற வேண்டும். காரத்துக்கு முன்னால் துவர்ப்பும் முரட்டுத்தனமாகத் தெரியும். நம் மீன் குழம்போடு கனத்த சிவப்பு ஒயின் ஒத்துப்போகாததற்கு இதுவே பாதிக் காரணம்.

அடுத்து புளிப்பு. சாப்பாட்டைவிட ஒயின் புளிப்பில் குறைந்திருந்தால், ஒயின் சப்பென்று தண்ணீராகத் தெரியும். புளி தாராளமாக விட்ட குழம்புக்கு நன்றாகப் புளிக்கும் ஒயின் வேண்டும். தேங்காய்க்கும் அதேதான். தேங்காயின் கொழுப்பு நாக்கில் படிந்துகொள்ளும். புளிப்பு அதைக் கழுவிவிட்டு அடுத்த கவளத்துக்கு வாயைத் தயார் செய்யும்.

குறைந்த ஆல்கஹால், இலேசான இனிப்பு, நல்ல புளிப்பு. மூன்றையும் ஒரே பாட்டிலில் கேட்டால் என் பதில் ரீஸ்லிங். மோசெலில் பெருமளவு பயிராகும் வெள்ளைத் திராட்சை அது. குளிர்ந்த பகுதியில் மெதுவாக முதிர்வதால் புளிப்பை இழப்பதில்லை. தேங்காய் அரைத்த நெய்மீன் குழம்போடு 9 சதவீத ரீஸ்லிங் சேர்த்தால் மல்லியும் கறிவேப்பிலையும் தனித்தனியே தெரியும். எனக்குத் தெரிந்து இதைவிடப் பொருத்தமான ஜோடி இல்லை. ரீஸ்லிங் கிடைக்கவில்லையா, நாசிக் பக்கம் தயாராகும் செனின் பிளாங்க் என்ற வெள்ளை ஒயினைப் பாருங்கள். அதில் இலேசான இனிப்புள்ளவை உண்டு.

அதே குழம்பை மரச்சீனிக் கிழங்கோடு சாப்பிட்டால் கணக்கு மாறும். கிழங்கின் மாவு காரத்தையும் புளிப்பையும் மட்டுப்படுத்திவிடும். அப்போது இனிப்பே இல்லாத வெள்ளை ஒயின்கூடப் பொருந்தும். ருசி பார்க்கும்போது எதோடு சாப்பிடப் போகிறோம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பொரித்த நெத்தோலிக்கு இனிப்பில்லாத, குமிழி வரும் ஸ்பார்க்ளிங் ஒயின். உப்பும் எண்ணெயும் இருக்கும் இடத்தில் குமிழியும் புளிப்பும் நன்றாக வேலை செய்யும். சோவிஞான் பிளாங்க் என்ற வெள்ளை ஒயினும் சரிதான்.

சாளைக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. சிவப்பு ஒயினில் பொதுவாக இரும்புச் சத்து சற்றுக் கூடுதலாக இருக்கும். அது மீன் எண்ணெயோடு சேரும்போது கவிச்சி வாடை எழுகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009இல் கண்டறிந்தார்கள். சாளை எண்ணெய் மிகுந்த மீன். பொரித்தாலும் குழம்பு வைத்தாலும் சிவப்பை அதன் பக்கம் கொண்டு வராதீர்கள். கருவாட்டுக்கும் இதையே சொல்வேன்.

உள்ளித் தீயல் எனக்கு மிகவும் பிடித்த இடம். தேங்காயைக் கருஞ்சிவப்பாக வறுத்து அரைப்பதால் பச்சைத் தேங்காயின் மென்மை போய், வறுத்த மணமும் இலேசான கசப்பும் வந்துவிடும். சின்ன உள்ளி தன் இனிப்பைத் தரும். மெல்லிய வெள்ளை ஒயின் இதற்கு முன்னால் நிற்காது. துவர்ப்புக் குறைந்த இலேசான சிவப்பு, உதாரணமாகப் பினோ நுவார், நன்றாகக் குளிரவைத்தது பொருந்தும். கிடைக்காவிட்டால் இனிப்பில்லாத ரோஸே, அதாவது இளஞ்சிவப்பு ஒயின். மீன் இல்லாத சைவக் குழம்புக்குச் சிவப்பு ஒயின், மீன் குழம்புக்கு வெள்ளை என்று வருகிறது பாருங்கள். தேங்காயை வறுத்தோமா, பச்சையாக அரைத்தோமா என்பதுதான் இங்கே பாதையைப் பிரிக்கிறது.

அவியலுக்கு அலட்டாத, மரப்பீப்பாயில் வைக்காத வெள்ளை எதுவும் சரி.

தேங்காய்க் கொத்து போட்டு மிளகு தூக்கலாகச் சுருள வறுத்த மாட்டிறைச்சி அல்லது நாட்டுக்கோழிக்கு ஷிராஸ் என்ற சிவப்பு ஒயின். இது வெறும் ஊகம் இல்லை. மிளகின் மணத்துக்குக் காரணமான ரோட்டண்டோன் என்ற பொருள் ஷிராஸ் திராட்சையிலும் இருக்கிறது, 2008இல் இதைக் கண்டுபிடித்தார்கள். இறைச்சியின் உப்பும் புரதமும் துவர்ப்பை மென்மையாக்கும். ஒரே நிபந்தனை, வத்தல் மிளகாயைக் குறைத்துக் காரத்தை மிளகிடம் விட்டுவிட வேண்டும்.

முந்திரிக்கொத்து, ஏத்தம்பழப் பொரிப்பு போன்றவற்றுக்குப் பலகாரத்தைவிட இனிப்பான ஒயின் வேண்டும். இல்லாவிட்டால் ஒயின் புளித்துப்போனதாகத் தோன்றும். அப்படி ஒரு பாட்டில் கையில் இல்லையென்றால் கருப்பட்டிக் காப்பியோடு சாப்பிடுவதே மேல். ரசத்துக்கும் ஊறுகாய்க்கும் நான் எதையும் சேர்க்கமாட்டேன். அவை தனியாகவே நன்றாக இருக்கின்றன.

படி 5: இரண்டு பாட்டில், ஒரு குழம்பு

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மூன்று பேர் சேர்ந்து செய்தால் நல்லது. ஒரே குழம்பு, இனிப்பில்லாத ஒரு வெள்ளை, இலேசாக இனிக்கும் ஒரு வெள்ளை. ஒவ்வொரு தம்ளரிலும் இரண்டு மூன்று மடக்கு அளவு போதும். முதலில் ஒயின் மட்டும் ஒரு வாய். அப்புறம் குழம்பும் சோறும் ஒரு கவளம் மென்று விழுங்குங்கள். உடனே மறுபடியும் ஒயின். இந்த இரண்டாவது வாயில்தான் பதில் இருக்கிறது. ஒயின் முன்பைவிட நன்றாக இருக்கிறதா? குழம்பின் மசாலா இன்னும் தெளிவாகத் தெரிகிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் ஜோடி பொருந்திவிட்டது. எரிச்சல் ஏறினால் ஆல்கஹால் அதிகம். தண்ணீராகத் தெரிந்தால் புளிப்புப் போதவில்லை. நடுவில் தண்ணீரும் வெறும் சோறும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு அடுத்த பாட்டிலுக்குப் போங்கள். பலனை ஒரு நோட்டில் குழம்பின் பெயரோடு எழுதி வையுங்கள். உங்கள் வீட்டு மசாலா பக்கத்து வீட்டு மசாலா இல்லை, அதனால் உங்கள் நோட்டுதான் உங்களுக்கு உதவும்.

படி 6: மீதியை என்ன செய்வது

திறந்த பாட்டிலை அன்றே காலி செய்ய வேண்டும் என்று யாரும் நினைக்க வேண்டாம். இறுக மூடி, நிமிர்த்தி ஃப்ரிட்ஜில் வைத்தால் வெள்ளையும் சிவப்பும் இரண்டு மூன்று நாள் தாங்கும். பாட்டிலில் காற்று அதிகம் இருந்தால் சீக்கிரம் கெடும் என்பதால், பாதிக்குமேல் தீர்ந்திருந்தால் சின்னக் குப்பிக்கு மாற்றி விளிம்பு வரை நிரப்பி மூடுங்கள். ஸ்பார்க்ளிங் மறுநாளே சோடை போய்விடும், அதை மட்டும் ஆள் சேர்ந்த நாளில் திறங்கள். வினிகர் வாடை வந்துவிட்டால் தம்ளரில் ஊற்ற வேண்டாம். பொரிக்கப் போகும் மீனுக்கு மசாலா பிசையும்போது எலுமிச்சைக்குப் பதில் ஒரு கரண்டி விட்டால் நன்றாகவே இருக்கும்.