கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு வருதா? சி சாக்கெட் ப்ரோக்ராம்ல எங்க தேடணும், படிப்படியா

சி-ல ஒரு சர்வர், ஒரு க்ளையன்ட்னு ரெண்டு ப்ரோக்ராம் எழுதியாச்சு, வார்னிங் இல்லாம கம்பைலும் ஆயிடுச்சு, ஓட விட்டா க்ளையன்ட் பக்கம் "கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு"ன்னு வந்து நிக்குது. புதுசா சாக்கெட் (ப்ரோக்ராம் நெட்வொர்க்ல பேசுற முனை) கத்துக்கிறவங்க நிறைய பேர் உடனே க்ளையன்ட் கோடைத் திறந்து கனெக்ட் வரியை மாத்தி மாத்திப் பாக்க ஆரம்பிச்சிடறாங்க. பெரும்பாலும் கோளாறு அங்க இருக்காது. அதனால கோடைத் தொடறதுக்கு முன்னாடி இந்த எரர் என்ன சொல்ல வருதுன்னு பாத்துடுவோம், தேட வேண்டிய இடம் பாதிக்கு மேல குறைஞ்சிடும்.

க்ளையன்ட் கனெக்ட் கூப்பிட்டதும் கெர்னல் (ஆப்பரேட்டிங் சிஸ்டத்தோட மையப் பகுதி) ஒரு சின் பாக்கெட் அனுப்பும், அதாவது 'இணைக்கலாமா'ன்னு கேக்கிற பாக்கெட். அந்தப் பக்கம் அந்த போர்ட்ல (மெஷின்ல எந்த ப்ரோக்ராமுக்குன்னு பிரிக்கிற எண்) யாராவது லிசன் பண்ணிட்டு இருந்தா சின்-ஆக், அதாவது சரிங்கிற பதில் வரும், யாருமே இல்லன்னா அந்த மெஷினோட கெர்னல் ரீசெட் பாக்கெட் ஒண்ணை திருப்பி அனுப்பிடும். அந்த ரீசெட்தான் உங்க ப்ரோக்ராமுக்கு ரெஃப்யூஸ்டுன்னு வந்து சேருது. லினக்ஸ்ல எர்நோ (எரரோட நம்பர்) 111, மேக்ல 61, விண்டோஸ்ல 10061. அப்படின்னா பாக்கெட் எங்கயோ போய்ச் சேர்ந்திருக்கு, பதிலும் வந்திருக்கு, அந்த முகவரியில அந்த போர்ட்லதான் ஆள் இல்ல. இதை மனசுல வச்சிக்கிட்டு கீழ உள்ளதை வரிசையா பண்ணுங்க.

முதல் படி: வந்தது ரெஃப்யூஸ்டுதானான்னு உறுதி பண்ணுங்க

கனெக்ட் மைனஸ் 1 குடுத்தா அடுத்த வரியிலயே பெரர் கூப்பிடுங்க, அது எர்நோவுக்கான எரரை எழுத்துல அச்சடிக்கும். நடுவுல ஒரு பிரின்ட்எஃப் போட்டாக்கூட அது எர்நோவை மாத்திட வாய்ப்பு இருக்கு, அப்புறம் தப்பான எரரைத் துரத்திட்டு இருப்பீங்க. எர்நோ 110 வந்தா அது டைம்அவுட், பதிலே வரலன்னு அர்த்தம், லினக்ஸ் வழக்கமா சின்னை பல தடவை திரும்ப அனுப்பிப் பாத்துட்டு ரெண்டு நிமிஷத்துக்கு மேல கழிச்சுதான் கைவிடும். 113 வந்தா அந்த மெஷினுக்குப் போகவே வழி கிடைக்கல. ரெஃப்யூஸ்டு மட்டும் பொதுவா என்டர் தட்டின உடனே வந்துடும், அந்த வேகமே நல்ல அடையாளம்.

ரெண்டாவது படி: சர்வர் உண்மையிலயே லிசன் பண்ணுதா?

சர்வர் ஓடுற மெஷின்ல இன்னொரு டெர்மினல் திறந்து எஸ்எஸ் கமாண்டை எல், டி, என், பி-ன்னு நாலு ஃப்ளாகோட அடிங்க. லிசன் பண்ற டிசிபி சாக்கெட் எல்லாம் வரும், கூடவே எந்த ப்ராசஸ்னும் காட்டும். நீங்க எதிர்பாக்கிற வரி கிட்டத்தட்ட இப்படி இருக்கணும்:

லிசன்  0  5  0.0.0.0:8080  0.0.0.0:*

இந்த வரி இருக்கா, போர்ட் சரியா, போர்ட்டுக்கு முன்னாடி இருக்கிற முகவரி சரியான்னு மூணையும் பாருங்க. வரியே இல்லன்னா சர்வர் செத்துப் போயிருக்கும், இல்ல லிசன் கூப்பிட மறந்திருப்பீங்க. பைண்ட் மட்டும் பண்ணி (அதாவது சாக்கெட்டுக்கு முகவரியும் போர்ட்டும் குடுத்து) லிசன் பண்ணாத சாக்கெட்டுக்கு வர்ற சின்னுக்கும் ரீசெட்தான் போகும்.

வரி இருக்கு ஆனா போர்ட் மட்டும் 41237 மாதிரி ஏதோ சம்பந்தமே இல்லாத நம்பர்னா பைண்ட் ஃபெயில் ஆகியிருக்கும், நீங்க ரிட்டர்ன் வேல்யூவைப் பாக்காம விட்டிருப்பீங்க. பைண்ட் ஆகாத சாக்கெட்ல லிசன் கூப்பிட்டா லினக்ஸ் எரர் குடுக்காது, தானே காலியா இருக்கிற ஒரு போர்ட்டை எடுத்துக் குடுத்துடும், வழக்கமா 32768-ல இருந்து 60999-க்குள்ள. சர்வர் "வெயிட்டிங்"னு பிரின்ட் பண்ணிட்டு நிம்மதியா உக்காந்திருக்கும், க்ளையன்ட் 8080-ஐத் தட்டி ரீசெட் வாங்கிட்டே இருக்கும். பைண்ட் ஏன் ஃபெயில் ஆச்சுன்னா, சர்வரை நிறுத்திட்டு உடனே திரும்ப ஓட்டும்போது பழைய கனெக்‌ஷன் டைம்-வெயிட்ல (மூடின பிறகும் காத்திருக்கிற நிலை) ஒரு நிமிஷம் கிடக்கும், அதனால எர்நோ 98, அதாவது முகவரி ஏற்கனவே பயன்பாட்டுல இருக்குன்னு எரர் வரும். பைண்டுக்கு முன்னாடி செட்சாக்ஆப்ட்ல ரீயூஸ்-அட்ரஸ் ஆப்ஷனை ஆன் பண்ணிட்டா இந்தத் தொல்லை போயிடும். ஆனா அதை விட முக்கியம், சாக்கெட், பைண்ட், லிசன், அக்செப்ட் நாலுக்கும் ரிட்டர்ன் வேல்யூ செக் போடுங்க. கோடு அசிங்கமா நீளுதுன்னு விடாதீங்க, இந்த நாலு செக் இல்லாம சாக்கெட் டீபக் பண்றது வீண் வேலை.

மூணாவது படி: ஹெச்டான்ஸ்

எஸ்எஸ்-ல 8080-க்குப் பதிலா 36895-னு தெரிஞ்சா அது தற்செயல் இல்ல, சர்வர்ல ஹெச்டான்ஸ் (போர்ட் நம்பரோட பைட்டுகளை நெட்வொர்க் வரிசைக்கு மாத்துற ஃபங்ஷன்) விட்டுப் போச்சு. 8080-ஓட ரெண்டு பைட்டும் இடம் மாறினா வர்ற நம்பர்தான் அது. 5000 போட்டிருந்தா 34835 வரும். சர்வர், க்ளையன்ட் ரெண்டுலயும் விட்டுப் போயிருந்தா எல்லாம் சரியா ஓடுற மாதிரியே இருக்கும், ரெண்டும் அதே தப்பான போர்ட்ல சந்திச்சிக்கும், அப்புறம் ஒண்ணை மட்டும் திருத்தினதும் ரெஃப்யூஸ்டு வந்துடும், "நேத்து ஓடுச்சே"ன்னு குழம்புவீங்க.

நாலாவது படி: முகவரி

ஒரே மெஷின்ல ஓடுது, வேற மெஷின்ல இருந்து வந்தா மட்டும் ரெஃப்யூஸ்டுன்னா எஸ்எஸ் வரியில 127.0.0.1:8080-னு இருக்கான்னு பாருங்க. அது லூப்பேக், மெஷின் தன்கிட்டயே பேசிக்கிற முகவரி, அதுல மட்டும் பைண்ட் பண்ணின சர்வருக்கு வெளியில இருந்து யாரும் வர முடியாது. பைண்ட்ல 0.0.0.0 குடுங்க, அதாவது ஐஎன்-அட்ரஸ்-எனி. கன்டெய்னருக்குள்ள சர்வர் ஓட்டுறவங்களுக்கும் இதேதான், கன்டெய்னருக்கு உள்ள இருக்கிற 127.0.0.1 வேற, உங்க மெஷினோட 127.0.0.1 வேற.

அடுத்தது லோக்கல்ஹோஸ்ட். பல சிஸ்டம்ல இந்தப் பேரு முதல்ல ஐபிவி6 முகவரியா மாறும், உங்க சர்வரோ ஐபிவி4-ல மட்டும் இருக்கும், ரெஃப்யூஸ்டு. பேரை முகவரியா மாத்துற கெட்-அட்ரஸ்-இன்ஃபோ ஒரே முகவரி தராது, லிஸ்டாத்தான் தரும், முதல்ல வந்ததோட நிக்காம லூப் போட்டு ஒவ்வொண்ணையும் முயற்சி பண்ணணும்.

இன்னொண்ணு, இனெட்-பிடான் ஃபங்ஷனுக்கு ஹோஸ்ட் பேரைக் குடுத்தா வேலை செய்யாது, அது எண் முகவரியை மட்டும்தான் புரிஞ்சிக்கும். பேரைக் குடுத்தா 0 ரிட்டர்ன் பண்ணும், மைனஸ் 1 இல்ல, அதனால "0-க்குக் கீழயா"ன்னு மட்டும் செக் பண்ணினா மாட்டாது. முன்னாடியே மெம்செட்ல பூஜ்யமா நிரப்பியிருந்தா முகவரி 0.0.0.0-வாவே நிக்கும், லினக்ஸ்ல அதுக்கு கனெக்ட் பண்ணினா உங்க சொந்த மெஷினுக்கே போகும். தூரத்து சர்வர் மறுக்குதுன்னு நினைச்சிட்டு இருப்பீங்க, மறுக்கிறது உங்க மெஷின்.

அஞ்சாவது படி: முதல் தடவை ஓடுது, அடுத்த தடவை ரெஃப்யூஸ்டு

இதுதான் ஆளை ரொம்ப அலைய விடுற வகை, கொஞ்சம் நிதானமா பாருங்க. முதல் க்ளையன்ட் வந்து போச்சு, ரெண்டாவது க்ளையன்டுக்கு ரெஃப்யூஸ்டுன்னா லூப்போட கடைசியில எதை க்ளோஸ் பண்றீங்கன்னு படிங்க. அக்செப்ட் குடுத்த புது டிஸ்கிரிப்டரைத்தான் (சாக்கெட்டைக் குறிக்கிற எண்) அங்க மூடணும். அதுக்குப் பதிலா லிசன் பண்ற டிஸ்கிரிப்டரை மூடிட்டா கடையையே இழுத்துப் பூட்டின மாதிரி, அடுத்து வர்ற எல்லாருக்கும் ரீசெட்தான்.

அது சரியா இருந்தா சர்வர் இன்னும் உயிரோட இருக்கான்னு பாருங்க. க்ளையன்ட் பாதியில போயிட்ட அப்புறமும் சர்வர் அதுக்கு எழுதிட்டே இருந்தா கெர்னல் சிக்பைப் சிக்னல் அனுப்பும், நீங்க ஒண்ணும் ஏற்பாடு பண்ணலன்னா அது சர்வர் ப்ராசஸையே கொன்னுடும். உங்க ப்ரோக்ராம் அச்சடிக்கிற எரர் எதுவும் வராது, பேக்ரவுண்ட்ல ஓட்டினா போனதே தெரியாது. ஆரம்பத்துலயே சிக்பைப்பை இக்னோர் பண்ணச் சொல்லிடுங்க, இல்ல சென்ட்ல நோ-சிக்னல் ஃப்ளாக் குடுங்க. அப்போ ரைட் மைனஸ் 1 குடுக்கும், எர்நோ 32, அதைப் பாத்து அந்த ஒரு க்ளையன்டை மட்டும் மூடிட்டு லூப்பைத் தொடரலாம்.

ஆறாவது படி: கோடு சரி, இன்னும் வருது

இப்போ ஃபயர்வால் பக்கம் போகலாம். ட்ராப் பண்ற ரூல்னா பதிலே வராது, டைம்அவுட் ஆகும். லினக்ஸ் ஃபயர்வாலான ஐபிடேபிள்ஸ்ல ரிஜெக்ட் ரூல்னா வழக்கமா ஐசிஎம்பி-ல (நெட்வொர்க் கோளாறைத் தெரிவிக்கிற செய்தி) போர்ட் அன்ரீச்சபிள்னு பதில் வரும், க்ளையன்டுக்கு அதுவும் ரெஃப்யூஸ்டாத்தான் தெரியும். பிரிச்சுப் பாக்க டிசிபிடம்ப்பை (போற வர்ற பாக்கெட்டைக் காட்டுற டூல்) ஓட விட்டுட்டு க்ளையன்டை ஒரு தடவை ஓட்டுங்க. ஃப்ளாக்ஸ் இடத்துல எஸ்-னு ஒரு பாக்கெட் போய், ஆர்-னு ஒண்ணு திரும்பி வந்தா அது ரீசெட், பெரும்பாலும் போர்ட்ல ஆள் இல்ல. ஐசிஎம்பி வரி வந்தா ஃபயர்வால். போர்ட் மட்டும் ஃபில்டர் பண்ணி ஓட்டினா ஐசிஎம்பி வரி தெரியாமப் போயிடும், ஹோஸ்ட் வச்சு ஃபில்டர் பண்ணுங்க. சர்வர் மெஷின்லயும் இதே மாதிரி ஓட்டிப் பாருங்க, அங்க எஸ் பாக்கெட்டே வரலன்னா நடுவுல வேற ஏதோ பதில் சொல்லுது, இல்ல நீங்க வேற மெஷினைத் தட்டிட்டு இருக்கீங்க.

கடைசியா, ரெண்டு ப்ரோக்ராமையும் ஒரே ஸ்க்ரிப்ட்ல சேர்த்துக் கிளப்பினா சர்வர் லிசன் வரைக்கும் வர்றதுக்குள்ள க்ளையன்ட் போய்த் தட்டிடும். அதுக்கு க்ளையன்ட்ல சின்ன இடைவெளி விட்டு திரும்ப முயற்சி பண்ற லூப் போடுங்க, எத்தனை தடவைன்னு ஒரு எல்லையும் வைங்க. ஒவ்வொரு முயற்சிக்கும் பழைய சாக்கெட்டை க்ளோஸ் பண்ணிட்டு புதுசா சாக்கெட் உருவாக்கணும். கனெக்ட் ஃபெயில் ஆன சாக்கெட் எந்த நிலைல இருக்கும்னு பாசிக்ஸ் ஸ்டாண்டர்டு (யூனிக்ஸ் வகை சிஸ்டங்களுக்கான பொது விதிமுறை) உறுதி தரல, லினக்ஸ்ல அதையே திரும்ப வச்சு ஓட்டினா ஓடிடும், ஆனா அதே கோடை வேற சிஸ்டத்துக்குக் கொண்டு போனா ரெண்டாவது கனெக்ட்லயே வேற எரர் வர ஆரம்பிச்சிடலாம்.