அன்வர் சதாத்தின் பாதையை மாணவர்களுக்கு எடுத்துரைப்பது எப்படி?

பேராக்கின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணத்தில், கோயில் மண்டபத்திலோ தமிழ்ப்பள்ளி வகுப்பறையிலோ மாலை நேரத்தில் படிவம் ஐந்து, ஆறு மாணவர்களுக்கு உலக வரலாறு சொல்லித் தர முன்வருவோருக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. எகிப்திய அதிபர் அன்வர் சதாத்தின் கதையைப் பலரும், போர் புரிந்த ஒருவர் பின்னாளில் மனம் மாறிச் சமாதானத் தூதரானார் என்றே சொல்லி முடித்துவிடுகிறார்கள். ஆண்டுகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் அப்படிச் சொல்ல இடமில்லை. பேச்சுவார்த்தைக்கு வழி திறக்கவே அவர் போரைத் தொடங்கினார் என்பதையும், அந்த வழியில் கிடைத்தது என்ன, கிடைக்காமல் போனது யாருக்கு என்பதையும் மாணவர்கள் தாங்களாகவே கண்டறியும்படி பாடத்தை அமைக்க வேண்டும்.

முதலில் வரைபடம். ஒரு மாஜோங் தாளில் நைல் ஆறு, சூயஸ் கால்வாய், சினாய் தீபகற்பம், இஸ்ரேல் ஆகியவற்றைப் பெரிதாக வரைந்து சுவரில் ஒட்டுங்கள். 1967 ஜூன் போரில் இஸ்ரேல் கைப்பற்றிய சினாய், காசா, மேற்குக்கரை, கிழக்கு ஜெருசலேம், கோலான் குன்றுகள் ஆகியவற்றுக்கு ஒரே வண்ணம் தீட்டுங்கள். சினாய் ஏறத்தாழ 60,000 சதுர கிலோமீட்டர், அதாவது நம் பேராக் மாநிலத்தைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு என்று சொன்னால்தான் இழப்பின் அளவு பிள்ளைகளுக்குப் பிடிபடும். அந்தப் போருக்குப் பிறகு 1975 வரை கால்வாயில் கப்பல் ஓடவில்லை என்பதையும் அதன் வருமானம் முழுவதும் எகிப்துக்கு நின்றுபோனது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சதாத்தின் இளமைக்காலத்தில் நெடுநேரம் நிற்கத் தேவையில்லை. 1918இல் நைல் கழிமுகத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தார், இராணுவ அதிகாரியானார், ஆங்கிலேயருக்கு எதிராகச் செயல்பட்டுச் சிறை சென்றார், 1952 ஜூலை 23 அன்று புரட்சிச் செய்தியை வானொலியில் அறிவித்தார், 1970இல் அதிபர் நாசர் மறைந்ததும் அதிபரானார். இவ்வளவு போதும்.

பாடத்தை உண்மையில் தொடங்க வேண்டிய ஆண்டு 1971. அவ்வாண்டு பிப்ரவரியில், இஸ்ரேலியப் படைகள் ஓரளவு பின்வாங்கினால் கால்வாயைத் திறக்கத் தயார் என்று சதாத் அறிவித்தார், ஐ.நா. தூதர் குன்னார் யாரிங்கிடம், சமாதான உடன்படிக்கைக்கும் தயார் என்று எகிப்து எழுத்து மூலம் தெரிவித்தது. 1967க்கு முந்தைய எல்லைக்குத் திரும்ப இயலாது என்று இஸ்ரேல் பதிலளித்தது. 1967 போருக்குப் பின் சூடானின் கார்ட்டூம் நகரில் கூடிய மாநாட்டில் அரபுத் தலைவர்கள், இஸ்ரேலுடன் சமாதானமில்லை, அங்கீகாரமில்லை, பேச்சுவார்த்தையில்லை என்று தீர்மானித்து நான்காண்டுகள்கூட ஆகாத வேளையில் எகிப்து நீட்டிய கை அது. இந்த இடத்தில் பாடத்தை நிறுத்தி, அவர் இடத்தில் நீங்கள் இருந்தால் அடுத்து என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். பதில்களைப் பலகையில் எழுதி, அழிக்காமல் வைத்திருங்கள்.

அடுத்து 1973 அக்டோபர் 6, எகிப்து போரைத் தொடங்கிய நாள். படைகள், பீரங்கிகள் என்று எண்ணிக்கைகளை அடுக்குவதைவிடக் கால்வாயைக் கடந்த விதத்தை அருகில் நின்று காட்டுவதே மேல். கால்வாயின் கிழக்குக் கரையில் இஸ்ரேல் எழுப்பியிருந்த மணல் அரண் சில இடங்களில் சுமார் 20 மீட்டர் உயரம். வெடி வைத்தால் மணல் சரிந்து மறுபடியும் வழியை மூடிக்கொள்ளும். அஸ்வான் அணைக்கட்டுப் பணியில் அனுபவம் பெற்றிருந்த பாக்கி சாக்கி யூசுப் என்ற பொறியியல் அதிகாரி, கால்வாய்த் தண்ணீரையே உறிஞ்சி, உயர் அழுத்தக் குழாய்களால் அந்த மணலில் பீய்ச்சினால் கரைந்தோடிவிடும் என்று யோசனை சொன்னார். அன்று பிற்பகல் படகுகளில் ஏற்றிய பம்புகள் அதைத்தான் செய்தன. சில மணி நேரத்தில் மணல் அரணில் வழிகள் திறந்தன, அவற்றின் ஊடே டாங்கிகள் ஏறின. கிந்தா பள்ளத்தாக்கின் ஈய லம்பங்களில் (ஈயச் சுரங்கங்களில்) தண்ணீரைப் பீய்ச்சி மண்மேட்டைக் கரைத்த முறையும் இதுதான் என்று சொல்லிப் பாருங்கள். லம்பத்தில் வேலை செய்தவர்களின் பேரப்பிள்ளைகள் அந்த அறையிலேயே இருப்பார்கள்.

ஆனால் போரை அந்த வெற்றிக் காட்சியோடு முடித்துவிடக் கூடாது. பத்து நாளுக்குள் இஸ்ரேலியப் படை கால்வாயின் மேற்குக் கரைக்குக் கடந்தது, பின்னர் எகிப்தின் மூன்றாம் படையைச் சூழ்ந்துகொண்டது. விமானியாக இருந்த சதாத்தின் தம்பி ஆதிப், போரின் முதல் நாளிலேயே உயிரிழந்தார். இரு தரப்புத் தளபதிகளும் கெய்ரோ-சூயஸ் நெடுஞ்சாலையின் 101ஆவது கிலோமீட்டரில் போட்ட கூடாரத்தில் முகத்துக்கு முகம் அமர்ந்து பேசினார்கள். 1974 ஜனவரியில் படைகளை விலக்கும் ஒப்பந்தம் கையெழுத்தானது. 1971இல் மறுக்கப்பட்ட பேச்சுவார்த்தை போருக்குப் பிறகு நடந்தது. பலகையில் எழுதிவைத்த பதில்களிடம் மாணவர்களை இப்போது திருப்பி அழைத்துச் செல்லுங்கள்.

இரண்டாம் மாலையை 1977 ஜனவரியிலிருந்து தொடங்குவது நல்லது. உணவு மானியம் குறைக்கப்பட்டதும் எகிப்தியர் தெருவில் இறங்கினர்; பலர் உயிரிழந்தனர்; அரசு விலையுயர்வைத் திரும்பப் பெற்றது. இதைச் சொல்லாமல் ஜெருசலேம் பயணத்தை மட்டும் சொன்னால் சதாத் வானத்திலிருந்து இறங்கிய மகான் போலத் தோன்றுவார். போரின் செலவைச் சுமக்க முடியாத நாட்டின் தலைவர், நவம்பர் 9 அன்று தம் நாடாளுமன்றத்தில், தேவையானால் ஜெருசலேமில் உள்ள இஸ்ரேலிய நாடாளுமன்றத்துக்கே போகவும் தயார் என்றார். பதினோராவது நாள் அங்கு நின்று பேசினார். அன்று ஹஜ்ஜுப் பெருநாள். காலையில் அல்-அக்சா பள்ளிவாசலில் தொழுதார். உரையில் அவர் சலுகை கேட்கவில்லை. 1967இல் பிடித்த நிலம் முழுவதிலிருந்தும் வெளியேற வேண்டும், பாலஸ்தீனர் உரிமை நிலைநாட்டப்பட வேண்டும் என்று எதிர்த்தரப்பின் அவையிலேயே வலியுறுத்தினார். எனக்கு அவருடைய துணிவு முழுமையாகத் தெரிவது இந்த இடத்தில்தான். அவருடைய வெளியுறவு அமைச்சர் இஸ்மாயில் பாஹ்மி, பயணத்தை ஏற்காமல் பதவி விலகினார் என்பதையும் விடாமல் கூறுங்கள்.

அமெரிக்க அதிபரின் ஓய்விடமான கேம்ப் டேவிட்டில் சதாத்தும் இஸ்ரேலும் நடத்திய பேச்சுக்கு ஒரு காட்சி போதும். 1978 செப்டம்பரில் பதின்மூன்று நாள் நடந்த பேச்சு முறியும் கட்டத்தில், அமெரிக்க அதிபர் கார்ட்டர், இஸ்ரேலியப் பிரதமர் பெகினின் பேரப்பிள்ளைகள் ஒவ்வொருவர் பெயரையும் எழுதிக் கையொப்பமிட்ட புகைப்படங்களை அவரிடம் கொடுத்தார், பெகின் கண்கலங்கினார். 1979 மார்ச் 26 அன்று உடன்படிக்கை கையெழுத்தானது. 1982 ஏப்ரலில் சினாயிலிருந்து இஸ்ரேல் வெளியேறியது.

இனி, வண்ணம் தீட்டிய வரைபடத்தில் சினாயை மட்டும் அழியுங்கள்; மேற்குக்கரையும் காசாவும் அப்படியே நிற்பதை மாணவர்கள் பார்க்கட்டும். பாலஸ்தீனருக்கு வாக்களிக்கப்பட்ட தன்னாட்சி அந்த ஒப்பந்தத்தின்படி நடைமுறைக்கு வரவில்லை. அரபு நாடுகளின் கூட்டமைப்பான அரபு லீக் எகிப்தை விலக்கி, தலைமையகத்தைத் தூனிசுக்கு மாற்றியது. 1981 செப்டம்பரில் சதாத் ஆயிரத்துக்கும் மேற்பட்ட எதிர்ப்பாளர்களைச் சிறையில் அடைத்தார். அடுத்த மாதம் 6ஆம் நாள், கால்வாயைக் கடந்த அதே நாளைக் கொண்டாடிய அணிவகுப்பில் தம் படைவீரர்களாலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். மலேசியக் கடப்பிதழ் இஸ்ரேலுக்குச் செல்லாது என்று அதிலேயே அச்சிட்டிருப்பதை அறிந்த பிள்ளைகள், சதாத் செய்தது துரோகம்தானே என்று கேட்கக்கூடும். அந்தக் கேள்வியை அடக்க வேண்டாம். எகிப்திய விவசாயி, மேற்குக்கரை ஆசிரியர், கால்வாயில் மகனை இழந்த தாய் ஆகிய மூவரின் நிலையிலிருந்தும் பதில் எழுதச் சொல்லுங்கள்.

இயன்றால், மலாயாவில் ஆங்கிலேய அரசு கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியாளர்களுடன் போரிட்ட அவசரகாலத்தை நினைவில் வைத்திருக்கும் தாத்தா பாட்டி ஒருவரை அழைத்து உட்கார வையுங்கள். 1948 ஜூனில் இந்த வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார் கொல்லப்பட்டதை அடுத்துத்தான் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1955 பாலிங் பேச்சுவார்த்தையில் மலாயா முதலமைச்சர் துங்கு அப்துல் ரகுமான் சரணடையக் கேட்டார், கம்யூனிஸ்டுத் தலைவர் சின் பெங் தம் கட்சிக்கு அங்கீகாரம் கேட்டார், இருவரும் வெறுங்கையோடு திரும்பினர். உடன்பாடு 1989இல்தான் வந்தது. எகிப்துக்கும் இஸ்ரேலுக்கும் இடையே கைமாற்றிக்கொள்ள நிலம் இருந்தது, பாலிங்கில் அப்படி என்ன இருந்தது என்ற கேள்வியைப் பெரியவர் முன்னிலையில் விவாதிக்க விட்டு, நீங்கள் குறிப்பு மட்டும் எடுங்கள்.